மலை ஏறுகிறவளுக்கு எதற்கு உடற்பயிற்சி?

மாதர் தலைவி ஒருவர், அக்கரப்பத்தனை

"நாளெல்லாம் மலை ஏறி எறங்குற ஒனக்கு என்னாத்துக்குடி எக்சசைஸ்?"

முதலில் இதைக் கேட்டது என் மாமியார். பிறகு என் வீட்டுக்காரர் கேட்டார், கங்காணி கேட்டார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நின்ற மதினிமார்கள் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கடைசியில் நம் தோட்டக் கமிட்டிக் கூட்டத்திலேயே ஒரு தோழர் எழும்பி, "சம்பளப் பிரச்சினை தலைக்கு மேல கெடக்கு, இதுல தங்கச்சிக்கு மெலியணுமாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்தபோது, சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 41. பதினெட்டு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன், இரண்டு பிள்ளைகள். போன வருடம் தை மாதம் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனேன். முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களை வரச்சொல்லிப் பார்க்கிற கிளினிக் அது. மருத்துவமாது இரண்டு வருடமாகக் கூப்பிட்டும் நான் போகாமல் இருந்தேன், காரணம் போனால் அன்றைக்குப் பேர் இல்லை. அன்று நிறுத்துப் பார்த்தார்கள், 66 கிலோ. உயரம் 151 சென்ரிமீற்றர். இடுப்பைச் சுற்றி அளந்தார்கள், 94. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சீனி 118. மிஸ் சொன்னார்: "இது இன்னும் வருத்தம் இல்ல அம்மா. ஆனா வாசப்படியில நிக்கிறீங்க. நூறுக்குக் கீழ இருக்கணும். நூத்தி இருபத்தாறைத் தொட்டா சீனி வருத்தம்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் எனக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது. "ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் வேகமா நடக்கணும்." நான் சொன்னேன், "மிஸ், நான் காலையில ஏழு மணியிலயிருந்து பின்னேரம் வரைக்கும் நடந்துகிட்டுதான் இருக்கேன்." அவர் சிரிக்கவில்லை. "அது வேலை. இது வேற" என்றார்.

வேலையும் உடம்பு அசைவுதானே, அதில் என்ன வேறு? வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.

மறுநாள் மலையில் நின்றபோது என்னை நானே பார்த்தேன். காலையில் லயத்திலிருந்து மலைக்கு ஏறுகிறோம், அது நடைதான், மூச்சு வாங்குகிறது. அதற்குப் பிறகு? நிரை பிடித்ததும் ஒரு செடிக்கு முன்னால் நிற்கிறோம். கை பறக்கிறது, கால் நிற்கிறது. ஒரு அடி நகர்ந்து மறுபடி நிற்கிறோம். முதுகில் பாரம் ஏறிக்கொண்டே போகிறது, கழுத்தும் தோளும் இறுகுகிறது, இடுப்பு முன்னால் வளைந்தே இருக்கிறது. மழை பெய்தால் படங்கும் நனைந்து பாரத்தோடு பாரமாகிறது. நெஞ்சு வேகமாக அடித்து, மூச்சு வாங்கி, பிறகு ஆறி, மறுபடி வேகமாக அடிக்கிற வேலை இல்லை இது. களைப்பு உண்டு, நோவு உண்டு. ஆனால் உடம்பைத் திடப்படுத்துகிற அசைவு நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

தொழிலாளரின் உடம்பை வைத்து இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பத்திரிகையில் இந்தக் கதை வராமல் இருந்தது எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் இது ஒரு பஸ் தொழிலாளர் கதை. இலண்டனில் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர், இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்த சாரதிகளையும் கொண்டக்டர்களையும் ஒப்பிட்டு 1953 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். சாரதி நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர். கொண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளைக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குபவர். இருவரும் ஒரே கம்பனி, ஒரே பஸ். ஆனால் மாரடைப்பு சாரதிகளுக்குத்தான் அதிகம். பிறகு அவர் இன்னொரு வேலை செய்தார். கம்பனி கொடுக்கிற காற்சட்டைகளின் இடுப்பு அளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். சாரதிகளின் இடுப்புத்தான் பெரிது. உடம்பு அசைவு இருதயத்தைக் காக்கிறது என்று உலகம் நம்பத் தொடங்கியதற்கு அந்தப் பஸ் தொழிலாளர்கள்தான் காரணம். மொரிஸ் 99 வயது வரை இருந்து 2009 இல் காலமானார்.

"பாத்தியா, வேலையில அசைஞ்சாலே போதும்" என்று சொல்லத் தோன்றும். நில்லுங்கள். கொண்டக்டர் ஏறுகிறார், நிற்கிறார், மறுபடி ஏறுகிறார். முதுகில் கூடை இல்லை. பின்னாட்களில் டென்மார்க்கில் ஹோல்டர்மான் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பத்து வருடமளவில் பின்தொடர்ந்து பார்த்து, 2021 இல் வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் நடக்கிறவர்களுக்கு, ஓடுகிறவர்களுக்கு இருதய ஆபத்துக் குறைகிறது. ஆனால் பாரமான உடல் வேலை செய்கிறவர்களுக்கு அப்படிக் குறையவில்லை, கூடுகிறது. காரணம் என்னவென்று பார்த்தால் நம் மலையை வந்து பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. வேலை மணிக்கணக்காக இழுக்கிறது. பாரம் தூக்குவதும் ஒரே மாதிரி வளைந்து நிற்பதும் இரத்த அழுத்தத்தை நாளெல்லாம் ஏற்றி வைக்கிறது. இடையில் உடம்பு ஆறுவதற்கு இடம் இல்லை. வேகத்தையும் ஓய்வையும் தொழிலாளி தீர்மானிப்பதில்லை, வேறு யாரோ தீர்மானிக்கிறார்கள். எல்லா ஆராய்ச்சியாளர்களும் இதை ஒரே குரலில் ஒத்துக்கொள்கிறார்கள் என்றில்லை, விவாதம் நடக்கிறது. எனக்கு ஒரு விடயம் போதும். மிஸ் சொன்னது பொய் இல்லை.

அதாவது, களைத்துப்போவதற்கும் உடம்பு திடமாவதற்கும் சம்பந்தம் இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நம் உழைப்பு தேயிலைக்குப் போகிறது. நம் உடம்புக்கு என்று தனியாக ஒன்றும் மிஞ்சுவதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதைப் பேச நம்மவர்களுக்கு ஏன் கூச்சம் என்று யோசித்தேன். என் அம்மாச்சி 1974 பஞ்சத்தைக் கண்டவர். தோட்டங்களில் மாவும் அரிசியும் கிடைக்காமல், மரவள்ளியும் கிழங்கும் இலையும் அவித்துத் தின்று, அதுவும் இல்லாமல் ஆட்கள் செத்த காலம். அவர் கடைசி வரை, ஊருக்குப் போய் வருகிற பேத்தியைப் பார்த்தால் முதலில் கேட்பது "ஒடம்பு போட்டிருக்கியா?" என்றுதான். சதை போட்டிருந்தால் சந்தோஷம், மெலிந்திருந்தால் புருஷன் வீட்டில் சோறு போடவில்லை என்று சண்டைக்குக் கிளம்பிவிடுவார். 2022 இல் மா விலை ஏறி, ஒரு நேரம் ரொட்டியை நிறுத்தின வீடுகள் இந்த லயத்திலேயே இருந்தன. அப்படியான இடத்தில் ஒருத்தி "நான் மெலியணும்" என்றால் அது திமிர் மாதிரித்தான் கேட்கும்.

ஆனால் ஒரே லயக் காம்பராவில் இரண்டும் இருக்கிறது. 2016 இல் அரசாங்கம் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் 17 பேர்தான். தொட்டிலில் வளர்த்தி குறைந்த பிள்ளை, அடுப்படியில் இடுப்புப் பெருத்த தாய். இரண்டுக்கும் சோறு ஒரே சட்டியில்தான் வேகிறது. மாவும் சீனியும் வயிற்றை நிரப்பும். பிள்ளை வளரத் தேவையானது அதில் இல்லை, தாய்க்குத் தேவையில்லாதது அதில் நிறைய இருக்கிறது. நகரத்துப் பெண்களோடு பார்த்தால் நம்மில் உடம்பு பெருத்தவர்கள் இன்னும் குறைவுதான். அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கிளினிக் வாங்கிலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள், தெரியும்.

என் அம்மாவும் அந்த வாங்கிலில்தான் உட்கார்ந்திருந்தார். சீனி வருத்தம் என்று தெரிந்தபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. காலில் கல் குத்தின காயம், செருப்பில்லாமல் மலைக்குப் போனவர், மரத்துப்போன காலில் நோவு தெரியவில்லை. ஒரு விரல் போனது. பிறகு இன்னொன்று. பேர் போட முடியாமல் வீட்டில் இருந்தார். 118 என்று மிஸ் சொன்னபோது எனக்கு அம்மாவின் கால்தான் கண்ணில் நின்றது. மெலிந்து அழகாக இருக்கவேண்டும் என்ற ஆசையில் நான் தொடங்கவில்லை. (இருந்தாலும் தப்பில்லை. யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஆசை அது.)

தொடங்கிய கதையைச் சொல்கிறேன்.

விடியற்காலையில் நடக்கலாம் என்று முதலில் நினைத்தேன். நாலே முக்காலுக்கு எழும்பி, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, பிள்ளைகளை எழுப்பி, பிரட்டுக்கு ஓடுகிறவளுக்கு விடியற்காலை எங்கே இருக்கிறது? இருந்தாலும் சிறுத்தை நடமாடுகிற மலையில் இருட்டில் தனியாகப் போக முடியுமா? அது போச்சு. பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பிறகு, ஐந்து மணியளவில், லயத்தடியிலிருந்து கோவில் திருப்பம் வரை கார் ரோட்டில் போய் வருவது என்று வைத்துக்கொண்டேன். கவ்வாத்து மலைப் பாதை வேண்டாம், இறக்கத்தில் முழங்கால் போய்விடும். ரோட்டு ஓரளவு சமதரை. மகனுடைய பழைய பள்ளிக்கூடச் சப்பாத்து எனக்குச் சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இறங்கிய முதல் நாள், "டவுனுக்கா அக்கா?" என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! எங்கேயும் போகாமல் ஒரு பொம்பளை சும்மா நடப்பது நம் தோட்டத்தில் யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாம் நாள் வேறு மாதிரியான கதையும் கிளம்பியது. அதை இங்கே எழுத வேண்டாம், எல்லாத் தோட்டத்திலும் அந்தக் கதை கட்டுகிற வாய் இரண்டு இருக்கும். நான் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கதை நின்றது.

முதல் மாதம் முழுவதும் நடந்தேன். நிறை குறைந்தது முந்நூறு கிராம். அழுகையே வந்தது.

கிளினிக்கில் போய்க் கேட்டபோதுதான் மிஸ் தேத்தண்ணிக் கணக்கைப் போட்டுக் காட்டினார். காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி. மொத்தம் 15 கரண்டி, 60 கிராம், 240 கலோரி. என்னைப் போன்ற நிறையுள்ளவள் அரை மணித்தியாலம் வேகமாக நடந்தால் செலவாவது 120, மிஞ்சினால் 150. நான் நடந்ததையெல்லாம் குடித்துத் தீர்த்துவிட்டு இன்னும் மிச்சம் வைத்திருந்தேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 12 கரண்டியைத் தாண்டாதே, 6 கரண்டியோடு நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. நடை மட்டும் நிறையைக் குறைக்காது. நடையும் வேண்டும், சட்டியிலும் கை வைக்க வேண்டும்.

சீனியை ஒரேயடியாக நிறுத்த என்னால் முடியவில்லை, தலையிடி வந்தது. மூன்றை இரண்டாக்கி, இரண்டு கிழமை கழித்து ஒன்றாக்கினேன். இப்போது இரவுத் தேத்தண்ணி சீனி இல்லாமலே இறங்குகிறது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற நமக்கு அதன் ருசி சீனி இல்லாமல்தான் தெரிகிறது, இது வேறு கதை. காலையில் இரண்டு தேங்காய் ரொட்டியை ஒன்றாக்கி, கூடப் பருப்பும் கீரையும் வைத்துக்கொண்டேன். நம் லயத்துக்குப் பின்னால் நாமே கரட்டும் லீக்சும் கோவாவும் போடுகிறோம். அத்தனையும் லொறி ஏறிப் போய்விடுகிறது, நாம் ரொட்டியும் சம்பலும் தின்கிறோம். கடன் அடைக்க விற்கத்தான் வேண்டும், தெரியும். ஒரு பாத்தியை வீட்டுக்கு என்று ஒதுக்கினேன். வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அந்தப் பாத்திக் கோவாவைச் சுண்டல் செய்து வைத்தபோது முணுமுணுக்காமல் சாப்பிட்டார்.

வைகாசி பிறந்து மழை தொடங்கியது. ஆடி முடியும் வரை அக்கரப்பத்தனையில் பின்னேரம் நடப்பதைப் பற்றிப் பேச முடியுமா? மூடுபனி, காற்று, சாரல். அப்போது இஸ்தோப்பிலேயே செய்தோம். இஸ்தோப்புப் படியில் ஏறி இறங்குவது, வலது கால் முதலில் பத்துத் தரம், இடது கால் முதலில் பத்துத் தரம். கதிரையில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழும்புவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. கடைசியாக முதுகை நிமிர்த்தி, தோளைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது. இந்தக் கடைசி ஒன்றுக்காகவே கூடை தூக்குகிற ஒவ்வொருத்தியும் இதைச் செய்யலாம். வளைந்தே நிற்கிற முதுகுக்கு அது மருந்து போல இருக்கிறது. கயிறு அடிக்கலாம் என்று மகள் சொன்னாள், அடித்துப் பார்த்தேன், முழங்கால் ஒரு கிழமை வீங்கியது. நாற்பது தாண்டிய, பாரம் தூக்கிப் பழகிய காலுக்குக் கயிறு வேண்டாம்.

மூன்றாம் மாதம் பக்கத்துக் காம்பரா மதினி வந்து சேர்ந்தார். பிறகு இரண்டு பேர். அதில் ஒருத்தி தையல் மெஷினில் எட்டு மணித்தியாலம் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, கொழும்பில் கார்மென்ட்டில் இருந்து திரும்பி வந்தது. இன்னொருத்தி குவைத்தில் நாலு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு, மிச்சச் சாப்பாடும் தூக்கமில்லாத இரவுகளுமாக இருபது கிலோ ஏறி வந்தவர். இவர்களும் வேலை செய்கிற தாய்மார்தான். சிரித்துச் சிரித்து நடக்கிற ஐந்து பேரைப் பார்த்து யாரும் கதை கட்டுவதில்லை. தனியாக நடக்கிறவளைத்தான் ஊர் பார்க்கும்.

ஒன்பது மாதத்தில் 60 கிலோவுக்கு வந்தேன். தீபாவளியும் பொங்கலும் கடந்து இப்போது 61. இடுப்பு 94 இல் இருந்து 87. நம்மைப் போன்ற தெற்காசியப் பெண்களுக்கு 80 க்குள் இருக்கவேண்டும் என்கிறார்கள், இன்னும் வழி இருக்கிறது. இரத்தத்தில் சீனி 101. மிஸ் சிரித்தார். பெரிய வெற்றி இல்லை, தெரியும். ஆனால் மேல் மலைக்கு ஏறும்போது நடுவில் நிற்காமல் போகிறேன். அதைக் கங்காணியும் கவனித்துவிட்டார், "இப்ப நல்லா ஏறுறீங்க, கிலோவைக் கூட்டலாமே" என்றார்.

அந்தப் பேச்சில்தான் ஆபத்து இருக்கிறது. நம் உடம்பு நன்றாக இருந்தால் இன்னும் இரண்டு கிலோ கேட்கலாம் என்று நினைக்கிறவர்களுக்காக நாம் நடக்கவில்லை. அதேபோல, "தொழிலாளர் ஆரோக்கியமாக வாழப் பழகவேண்டும்" என்று ஒரு பதாகையைக் கட்டிவிட்டு, மலையில் மலசலகூடம் கட்டாமல் இருப்பவர்களிடமும் நாம் ஏமாறக்கூடாது. பெண்கள் ஏன் மலையில் தண்ணீர் குடிப்பதில்லை? குடித்தால் ஒதுங்க இடமில்லை. தாகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் சீனித் தேத்தண்ணியை ஒரு மிடறு விழுங்கிவிட்டு ஓடுகிறோம். மத்தியான நிறுவையில் நிற்கிற நேரம் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுவிடுகிறது, ஐந்து நிமிடத்தில் ரொட்டியை அடைத்துக்கொண்டு போகிறோம். இதெல்லாம் என்னுடைய சோம்பலா? நான் ஒருத்தி சீனியைக் குறைத்ததால் இவை மாறிவிடுமா?

அதனால்தான் கமிட்டியில் எழும்பிய தோழருக்கு இந்தப் பதில். சம்பளம் பெரிய பிரச்சினைதான். 2015 இல் கேட்ட 1000 ரூபா 2021 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. 1350 க்கு 2024 செப்டெம்பர் வரை நிற்க வேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் ரோட்டில் உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், எண்ணிப் பாருங்கள். ஆனால் கூட்டிக் கிடைக்கிற சம்பளத்தை ஐம்பது வயதில் விரல் இழந்து வீட்டில் உட்கார்ந்தவள் எப்படி வாங்குவாள்? பேர் போட்டால்தானே சம்பளம். உடம்பு நின்றால் சம்பளமும் நிற்கிறது. இலங்கையில் இன்று பத்துச் சாவில் எட்டு, சீனி, பிரஷர், மாரடைப்பு, புற்றுநோய் மாதிரியான தொற்றாத வருத்தங்களால் வருகிறது. இது தொழிற்சங்கத்துக்குச் சம்பந்தமில்லாத விடயம் என்று எப்படிச் சொல்வது?

நம் பெரியவர்கள் மே தினத்தில் சொல்லித் தந்த கணக்கு ஒன்று உண்டு. எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் தூக்கம், எட்டு மணித்தியாலம் நமக்கு. 1886 இல் சிக்காகோவில் தொழிலாளர் செத்தது அந்தக் கணக்குக்காக. நமக்கான அந்த எட்டில் ஒரு தோட்டத்துத் தாய்க்கு எவ்வளவு கிடைக்கிறது? நான் ஒரு கிழமை எழுதி வைத்துப் பார்த்தேன். தண்ணீர், விறகு, சமையல், துவையல், பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருந்து எல்லாம் போக, ஒரு நாளைக்கு இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணித்தியாலம். அதே லயத்தில் ஆண்கள் பின்னேரம் நாலரைக்கு முகம் கழுவிவிட்டு மைதானத்துக்கோ சந்திக்கோ போய்விடுகிறார்கள். கோபிக்க வேண்டாம் தோழர்களே, என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. இப்போது பின்னேரத் தண்ணீரும் விறகும் அவர் பொறுப்பு. அதைப் பேசி வாங்க எனக்கு நாலு மாதம் பிடித்தது. துரையோடு பேசுவது அதைவிடச் சுலபம்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னது கிழமைக்கு 150 நிமிடம். அதை ஒரேயடியாகச் செய்யவேண்டும் என்றில்லை, பத்துப் பத்து நிமிடமாகச் சேர்த்தாலும் கணக்குத்தான், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிடக் கொஞ்சம் செய்வது மேல் என்கிறார்கள். எனக்குக் கிடைத்த இருபது நிமிடமும் ஞாயிறு ஒரு மணித்தியாலமும் சேர்ந்தால் 180. பேசி வாங்கினால் அவ்வளவு இருக்கிறது.

வயதாகிவிட்டது என்று சொல்கிற அக்காமாருக்கு ஒன்று. முல்லைத்தீவு முள்ளியவளை அகிலத்திருநாயகி அம்மாவைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 2023 இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 72 வயதில் ஓடியும் நடந்தும் தங்கப் பதக்கம் வாங்கி வந்தார். நம்மில் யாரும் பிலிப்பைன்சுக்குப் போகவேண்டியதில்லை. அதே 2023 இல், நாம் இந்த மண்ணுக்கு வந்து 200 வருடமானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை நடந்தார்களே, அதில் நம் பெண்களும் நடந்தார்கள். காட்டு வழியே நடந்து வந்து செத்தவர்கள் போக மிஞ்சினவர்களின் பிள்ளைகள் நாம். நடை நமக்குப் புதிது இல்லை. நமக்காக நடப்பதுதான் புதிது.

பிரஷர் கூடினவர்கள், நெஞ்சு நோவு, மூச்சுத்திணறல் உள்ளவர்கள், சீனிக்கு மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். காலில் காயம் இருந்தால் அது ஆறும் வரை நடக்க வேண்டாம், செருப்பில்லாமல் எப்போதும் வேண்டாம். குளவிக் கூடு உள்ள பக்கம் போகாதீர்கள், இதை நான் சொல்லவா வேண்டும்.

கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். வருடத்துக்கு இரண்டு தரம், வேலை நேரத்தில், பேர் போட்டு, எல்லாத் தொழிலாளருக்கும் பிரஷரும் சீனியும் பார்க்க வேண்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான். கிளினிக் போகிற நாளில் சம்பளம் வெட்டக்கூடாது. ஒவ்வொரு மலையிலும் குடிதண்ணீரும் மலசலகூடமும் வேண்டும். நிறுவை எவ்வளவு நேரம் பிடித்தாலும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுதாக இருக்க வேண்டும். லயத்திலிருந்து கோவில் திருப்பம் வரை மூன்று மின்கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, அதைப் போடவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணியிலிருந்து நாலரை வரை மைதானம் பெண்களுக்கு. கிரிக்கெட் அடிக்கிற தம்பிமார் முதலில் முறைத்தார்கள். போன ஞாயிறு இரண்டு பேர் தாங்களே வந்து வலைப்பந்துக் கம்பம் நட்டுக் கொடுத்தார்கள், பந்துதான் இன்னும் இல்லை.

சிரித்த தோழர் அன்றைக்குப் பிறகு என்னைத் தனியாகக் கண்டு, தன் சம்சாரத்துக்கும் பிரஷர் என்றும், எத்தனை மணிக்கு நடக்கிறீர்கள் என்றும் கேட்டார். ஐந்து மணிக்கு லயத்தடியில் என்று சொல்லியிருக்கிறேன். கோரிக்கைக் கடிதம் அடுத்த மாதக் கூட்டத்தில் மூன்றாவது விடயமாக எடுக்கப்படும், சம்பளத்துக்கும் வீட்டுப் பிரச்சினைக்கும் அடுத்து. மாதர் அங்கத்தவர்கள் அன்று கட்டாயம் வரவேண்டும், கை தூக்க ஆள் வேண்டும்.